சி.என்.சி. இயந்திரத் தொழில்: பிள்ளைகளை அனுப்புமுன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு வருடமும் எனக்கு இரண்டு வகையான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. "மகனுக்கு ரிசல்ட் சரியில்லை, உங்கட பட்டறையில் சேர்த்துவிட முடியுமா?" என்பது ஒன்று. "சி.என்.சி. ஒப்பரேட்டர் வேலைக்கு வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறாங்களாம், ஏஜென்சிக்குக் காசு கட்டலாமா?" என்பது மற்றது. இரண்டு கேள்விகளையும் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வேலை என்னவென்று தெரியாது. வாப்பாவுக்கும் தெரியாது, போகப்போகும் பிள்ளைக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவன். சண்டிலிப்பாயில் உள்ள ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் இயந்திரம் இயக்குகிறேன். அதற்கு முன் சில வருடங்கள் வெளிநாட்டில் இதே தொழிலைச் செய்தேன். பெரிய தொழிற்சாலையின் வேலையும் ஊர்ப் பட்டறையின் வேலையும் இரண்டும் தெரியும் என்பதால் மட்டுமே இதை எழுதத் துணிகிறேன்.

இது என்ன வேலை?

லேத் பட்டறையை எல்லோரும் பார்த்திருப்போம். இரும்புத் தண்டு வேகமாகச் சுழலும். தொழிலாளி கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வெட்டும் கருவியை அதன்மீது நகர்த்துவார். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழும். எவ்வளவு உரிய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கண்ணிலும் கையிலும் இருக்கும்.

சி.என்.சி. என்பது கணினி மூலமான எண் கட்டுப்பாடு. இங்கே கைப்பிடியைச் சுற்றுவது மோட்டார். எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் என்று மோட்டாருக்குச் சொல்வது எண்களால் எழுதிய கட்டளை. இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் விசிறியின் வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடியதிலிருந்து பிறந்தது. 1952 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதலாவது எண் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். அப்போது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்று ஃபனுக், சீமன்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் திரையில் நாம் தட்டச்சு செய்கிறோம்.

கட்டளை மொழி பயப்படும்படியானதல்ல. ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக நகர். ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் நேராக வெட்டிக்கொண்டு போ. ஜி02, ஜி03 இரண்டும் வளைவுக்கு. எம்03 தண்டைச் சுழற்றும், எம்08 குளிர்விக்கும் திரவத்தைத் திறக்கும், எம்30 வேலையை முடித்துத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். அன்றாடம் தேவைப்படும் கட்டளைகளை ஒரு கொப்பியின் இரண்டு பக்கங்களில் எழுதிவிடலாம். இவற்றை மனப்பாடம் செய்ய ஒரு கிழமை போதும். தொழில் பழக வருடங்கள் ஏன் பிடிக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு.

சண்டிலிப்பாயில் இதற்கு என்ன வேலை?

"யாழ்ப்பாணத்தில் தொழிற்சாலை எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தோடு நின்றது. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையும் யுத்தத்தில் அழிந்து, இந்திய உதவியுடன் திருத்தப்பட்டு 2014 இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. பெரிய உற்பத்தி என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை.

ஆனால் வலிகாமத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை, கிணறு இருக்கிறது. வெங்காயம், புகையிலை, மரக்கறி எல்லாம் கிணற்று நீரில்தான். கிணறு இருக்கும் இடத்தில் தண்ணீர்ப் பம்பி இருக்கும். பம்பி இருந்தால் அதன் தண்டு தேயும், புஷ் தேயும், புலி உடையும். எங்களுக்கு வடக்கே மாதகல் கடற்கரை. அங்கிருந்து படகுகளின் புரொப்பெல்லர் தண்டுகள் வரும். உழவு இயந்திரங்களின் பின்கள், அரைக்கும் ஆலைகளின் உருளைகள், முச்சக்கர வண்டிப் பாகங்கள் எல்லாம் வரும்.

இதில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரேயொரு தண்டைச் செய்துகொடுக்க சி.என்.சி. தேவையில்லை. சாதாரண லேத்தில் பழகிய ஒருவர், நான் கட்டளை எழுதி முடிக்குமுன் அதைக் கடைந்து கொடுத்துவிடுவார். ஒரே மாதிரியான புஷ் இருநூறு வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்டால்தான் சி.என்.சி.யின் வேலை தொடங்குகிறது. முதலாவதற்கு இரண்டு மணித்தியாலம் போகலாம். மீதி 199 உம் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில், ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் எங்கள் பட்டறையில் பழைய லேத்தும் சி.என்.சி.யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழைய லேத்தை வெறுத்து சி.என்.சி.க்கு ஆசைப்படும் பிள்ளை இரண்டையும் கற்கமாட்டான்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். உள்ள வாகனத்தையே வைத்து ஓட வேண்டிய காலம். உதிரிப்பாகம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. அந்த நாட்களில்தான், முன்பு தேய்ந்த பாகத்தை எறிந்துவிட்டு புதியது வாங்கியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். யுத்த காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த ஊர் இது. செய்து சமாளிக்கும் கை இங்கே எப்போதும் இருந்தது. அந்தக் கைக்குத் துல்லியத்தைக் கொடுப்பதுதான் இந்த இயந்திரம்.

மூன்று படிகள்

வெளியே எல்லோரையும் "சி.என்.சி. ஒப்பரேட்டர்" என்று ஒரே பெயரால் அழைக்கிறார்கள். உள்ளே மூன்று படிகள் உண்டு. பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முதற்படியில் இருப்பவர் இரும்பை இயந்திரத்தில் பூட்டுவார், கதவைச் சாத்துவார், பச்சைப் பொத்தானை அமுக்குவார், முடிந்ததும் கழற்றி அளந்து பெட்டியில் போடுவார். இரண்டாம் படியில் இருப்பவர் செட்டர். எந்தக் கருவியை எங்கே பூட்டுவது, ஒவ்வொரு கருவியின் முனையும் எங்கே நிற்கிறது என்று இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது, தேய்ந்தால் எவ்வளவு திருத்துவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாம் படியில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்துக் கட்டளை எழுதுபவர்.

முதற்படியை ஒரு மாதத்தில் பழகலாம். பிரச்சினையும் அங்கேதான். ஒரு மாதத்தில் பழகக்கூடிய வேலையை ஒரு மாதத்தில் இன்னொருவருக்கும் பழக்கலாம். இரும்புத் தண்டைத் தானே உள்ளே தள்ளும் பார் ஃபீடரும், பூட்டிக் கழற்றும் ரோபோக் கையும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் சாதாரணமாகிவிட்டன. பத்து வருடம் பொத்தான் அமுக்கிய ஒருவர் நாற்பது வயதில் ஊர் திரும்பினால் அவரிடம் காசு இருக்கலாம், தொழில் இருக்காது. இப்படித் திரும்பிய பலரை நான் அறிவேன். அதே தொழிற்சாலையில் அதே வருடங்கள் இருந்து, செட்டிங் கற்றுக்கொண்டு வந்தவர்கள் எங்கே போனாலும் பிழைக்கிறார்கள்.

ஏன் வருடங்கள் பிடிக்கின்றன?

சில உதாரணங்கள் சொல்கிறேன்.

தண்டு எந்த வேகத்தில் சுழல வேண்டும்? வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தையும் பையையும் பெருக்கியதால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 150 மீற்றர் வேகத்தில் வெட்ட வேண்டுமானால், 50 மில்லிமீற்றர் தண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 955 தடவை சுற்ற வேண்டும். 25 மில்லிமீற்றர் தண்டானால் ஏறக்குறைய 1,910 தடவை. சரிவான பாகம் வேண்டுமா? 50 மில்லிமீற்றர் நீளத்துக்குள் விட்டம் 40 இலிருந்து 30 ஆகக் குறைந்தால், ஒரு பக்கத்தில் குறைவது 5. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1. அந்தத் தான்சனுக்குரிய கோணம் சுமார் 5.7 பாகை. சாதாரண தரத்தில் "இது வாழ்க்கையில் எங்கே உதவும்?" என்று நாம் கேட்ட திரிகோண கணிதம் இதுதான்.

அடுத்தது புள்ளி. சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் எக்ஸ்10. என்று தசமப் புள்ளியோடு எழுதினால் 10 மில்லிமீற்றர். புள்ளியை மறந்து எக்ஸ்10 என்று எழுதினால், இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்து அது 0.010 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கருவி சுழலும் இரும்பில் போய் மோதும். ஒரு புள்ளிக்காகப் பல இலட்சம் ரூபா பெறுமதியான ஸ்பிண்டில் பழுதாகலாம்.

மூன்றாவது, நமது ஊர் வெயில். அளவை எடுப்பதற்கான சர்வதேச நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்தில் அது டிசம்பர் விடியற்காலையில்கூட அரிது. வெட்டி முடித்த இரும்பு அதைவிட 30 பாகை சூடாக இருக்கலாம். ஒரு மீற்றர் உருக்கு ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் 11.5 பங்கு மில்லிமீற்றர் நீளும். இந்தக் கணக்கில் 50 மில்லிமீற்றர் தண்டு 30 பாகை சூட்டில் 0.017 மில்லிமீற்றர் பருத்திருக்கும். மனிதத் தலைமயிரின் தடிப்பில் கால் பங்கு அளவுதான். ஆனால் வரைபடம் 50 மில்லிமீற்றருக்குக் கீழே 0.016 வரைதான் குறையலாம் என்று சொல்லியிருந்தால்? சூட்டோடு அளந்து "சரியாக 50" என்று பெட்டியில் போட்ட தண்டு, ஆறியதும் 49.983 ஆகிவிடும். கழிவு. இயந்திரம் பிழை செய்யவில்லை, கட்டளையிலும் பிழையில்லை. அளந்த மனிதர் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொறுமையை எந்தக் கணினியும் தராது.

நான்காவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வெட்டிக்கொண்டிருக்கும் நடுவில் மின் போனால் கருவியின் முனை இரும்புக்குள்ளேயே நின்று உடையும். மறை வெட்டும்போது போனால் மறுபடி அதே தடத்தைப் பிடிப்பது பெரும்பாடு. இயந்திரத்தின் நினைவகத்தைக் காக்கும் சிறிய பற்றரியும் உண்டு. பல மாதிரிகளில் இயந்திரம் மின்னோடு இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் உள்ளிருக்கும் அமைப்பு விபரங்கள் அழிந்துபோகும். பாவித்த இயந்திரம் வாங்குபவர்கள் பற்றரியின் திகதியையும், அமைப்பு விபரங்களின் பிரதி இருக்கிறதா என்பதையும் முதலில் கேட்க வேண்டும்.

எங்கே கற்பது?

இலங்கையில் தொழில்சார் தகைமைகளை என்.வீ.கியூ. என்று ஏழு மட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்காம் மட்டம் என்பது மேற்பார்வை இல்லாமல் தனித்து வேலை செய்யக்கூடியவர் என்பதற்கான அடையாளம். வடக்கில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும், 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அருகில் உள்ளன. தெற்கில் மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. எந்த நிறுவனமானாலும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பாடநெறி பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வாசலும் உண்டு. பாடநெறி எதுவும் படிக்காமல் பட்டறையில் பல வருடங்கள் வேலை செய்தவர்கள், தமது அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வீ.கியூ. சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பதினைந்து வருடம் லேத்தில் நின்றும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாத காக்காமார் நமது சமூகத்தில் எத்தனை பேர்! அவர்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை

தென் கொரியாவுக்குப் போகும் வழி அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. 2004 இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும், தெரிவு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக நடக்கும். இதில் தனியார் முகவருக்கு இடமே இல்லை. "கொரிய பெக்டரி வேலைக்கு நான் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பானுடன் 2019 இல் குறித்துரைத்த திறன் தொழிலாளர் உடன்படிக்கை கைச்சாத்தானது. அங்கும் மொழியும் திறனும் பரீட்சிக்கப்படும். வேறு நாடுகளுக்கானால் முகவரின் உரிமப் பத்திர இலக்கத்தையும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அவர் பெற்ற அனுமதியையும் பணியகத்தில் விசாரித்த பின்னரே பேச வேண்டும்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் வேலையின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். "மெஷின் ஒப்பரேட்டர்" என்ற இரண்டு சொற்களுக்குள் பிளாஸ்ரிக் வார்ப்பும் வரும், பிரஸ் இயந்திரமும் வரும், சி.என்.சி.யும் வரும். போன பிறகு இது வேறு இயந்திரம் என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கையும் கண்ணும் உரிமையும்

இயந்திரத்தின் கதவு மூடியிருக்கும் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. சுழலும் பாகத்துக்கு அருகில் கையுறை அணிவது பாதுகாப்பு அல்ல, ஆபத்து. துணி சிக்கினால் விரலோடு இழுத்துவிடும். நீண்ட கைச்சட்டை, தொங்கும் மாலை, மோதிரம் எல்லாம் அப்படித்தான். இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கி பாவிக்க வேண்டும். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கதவின் பாதுகாப்புப் பூட்டைச் செயலிழக்கச் செய்யும் பட்டறையில் பிள்ளையை விடாதீர்கள். குளிர்விக்கும் திரவத்தில் நாள் முழுதும் கை நனைந்தால் தோல் வெடிக்கும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது ஊழியர் சேமலாப நிதியையும் கேளுங்கள். தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். சிறிய பட்டறை, சொந்தக்காரரின் பட்டறை என்பதெல்லாம் விதிவிலக்கு அல்ல. "நம்மட ஆள்தானே" என்று கேட்காமல் விட்டவர்கள் முதுமையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஜும்ஆவுக்குப் போகும் நேரத்தையும் நோன்பு கால வேலை நேரத்தையும் சேரும்போதே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. ஒரு தொகுதி முடியும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதால் இந்தத் தொழிலில் அது பெரிய சிரமமும் அல்ல.

முதல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

கோயம்புத்தூரைப் பாருங்கள். ஆழக் கிணறுகளும் பஞ்சாலைகளும் இருந்த ஊர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. கிணற்றுக்குப் பம்பி தேவைப்பட்டது, பம்பிக்கு வார்ப்பாலை, வார்ப்பாலைக்கு லேத் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்து, இன்று பம்பிக்குப் பெயர்பெற்ற ஊராகிவிட்டது. அங்கே 1962 இல் நூற்பாலை இயந்திரம் செய்யத் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் பின்னர் சி.என்.சி. இயந்திரங்களையே செய்யும் நிறுவனமானது. வலிகாமத்திலும் கிணறு இருக்கிறது, பம்பி இருக்கிறது, பழுது பார்க்கும் கை இருக்கிறது. ஆனால் பம்பியின் புஷ்ஷைக்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து விற்கிறோம்.

நமது சமூகத்தில் வியாபாரம் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். உதிரிப்பாகக் கடை, இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பாகம் மாதத்துக்கு எத்தனை விற்கிறது என்பது அத்துப்படி. சி.என்.சி. பட்டறைக்கு மிகவும் அவசியமான தகவல் அதுதான். அவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்து, தாங்கள் அதிகம் விற்கும் பத்துப் பாகங்களை உள்ளூரில் செய்விக்கத் தீர்மானித்தால், ஒரு இயந்திரத்துக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கும் வருடம் முழுதும் வேலை இருக்கும்.

கடைசியாக, பிள்ளையைப் பட்டறைக்கோ பயிற்சிக்கோ அனுப்ப நினைக்கும் பெற்றோர் சேர்க்குமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். மைக்ரோமீற்றர் பிடித்து அளக்க முதல் மாதத்திலேயே பழக்குவீர்களா? சாதாரண லேத்திலும் விடுவீர்களா? எத்தனை மாதத்தில் செட்டிங் தொட அனுமதிப்பீர்கள்? முடிவில் கிடைப்பது எத்தனையாம் மட்ட என்.வீ.கியூ.? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். "அதெல்லாம் போகப்போகப் பார்ப்போம்" என்று சொல்லும் இடத்தில், பிள்ளை பச்சைப் பொத்தானோடு நின்றுவிடுவான்.

பரீட்சையில் தோற்றவனுக்குத் தண்டனையாக இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கணக்கில் ஆர்வமும் கையில் நிதானமும் உள்ள பிள்ளை இருந்தால், பெறுபேறு நன்றாக வந்திருந்தாலும், ஒரு நாள் அழைத்து வந்து இயந்திரத்தின் முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். விருப்பமா இல்லையா என்பதை அவனே சொல்வான்.